சகலை கேட்ட கேள்வி

உலகநாதனுக்கும் அவன் சகலை தாமோதரனுக்கும் ஏழாம் பொருத்தம். அக்கா சரோஜாவைக் கட்டியவன் இவன், தங்கையைக் கட்டியவன் அவன். தாமோதரனுக்கு வாய் ஜாஸ்தி. மாமனார் வீட்டுக் காதுகுத்தில் அத்தனை பேர் நடுவில், "எங்க சகலகிட்ட பேசணும்னா மனு குடுக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து உலகநாதன் அவனிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சதுரங்கப்பட்டினத்தில் தாமோதரன் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாமோதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. உலகநாதன் கையில் டிரில்லிங் மெஷின் இருந்தது. எப்போதோ இரவல் வாங்கிப் போனது.

"இத்தக் குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இதுக்கோசரமா திருக்கழுக்குன்றத்துலேர்ந்து வந்த? நான் கேக்கவே இல்லியே."

"யாரோட பொருளும் எங்கிட்ட இருக்க வேணாம்னுதான்."

சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினான். அந்த வாரம் முழுக்க இப்படித்தான் ஒவ்வொரு வேலையாக முடித்துக்கொண்டு வந்தான். சரோஜாவின் ஸ்கூட்டியைச் சர்வீஸுக்கு விட்டு எடுத்தான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினான். முதுகுவலியால் மறைமலைநகர் கம்பெனி வேலை போயிருந்தது. ஆனால் அதுதான் காரணமா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. முதலில் தூக்கம் போனது, பிறகு பசி போனது. தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் பாரம் குறையும் என்ற நினைப்பு ஒருநாள் வந்தது, பிறகு போகவே இல்லை.

தாமோதரன் குறுக்கே வந்து வண்டிச் சாவியை உருவிக்கொண்டான்.

"சகல, மூஞ்சப் பாத்துச் சொல்லு. சாவலாம்னு நெனப்பு கீதா உனுக்கு?"

இப்படியா கேட்பான் ஒரு மனுஷன்? 'இல்லை' என்று சொல்லத்தான் உலகநாதன் வாயைத் திறந்தான். "ஆமா" என்று வந்தது. சொன்னதும் வாசலில் நின்ற தாமோதரனின் சாமான் ஏற்றும் டெம்போவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பொண்டாட்டி, புள்ளைங்கள நெனைச்சுப் பாத்தியா?" என்றான் தாமோதரன். உலகநாதனின் முகம் இறுகிப்போனது. அதைப் பார்த்ததும், "சரி வுடு, தப்பாக் கேட்டுட்டேன்" என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னா பண்றதுன்னு எனக்கும் தெரியல. ஆனா உன்ன ஒண்டியா வுட மாட்டேன். அது மட்டும் தெரியும்."

நூற்றி நாலு, அரசு மருத்துவ உதவி எண்ணுக்குத் தாமோதரன் போன் போட்டான். எடுத்த பெண் பதறவில்லை. உலகநாதனிடமே நிதானமாக நாலைந்து கேள்வி கேட்டாள். அவரைத் தனியாக விடாதீர்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று தாமோதரனிடம் சொன்னாள். அடுத்து சரோஜாவுக்குப் போன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவர வூட்டுக்குக் கூட்டியார வேணாம். நேரா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நான் பஸ்ஸப் புடிச்சு அங்க வந்துர்றேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது. உலகநாதனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகிற வரைக்கும் விடவில்லை.

டாக்டர் அம்மா அவனைப் பேசவிட்டுக் கேட்டாள். "நினைப்பு வர்றது உங்க தப்பு இல்ல, இது ஒரு நோய். மருந்து இருக்கு, நாளாகும். நடுவுல திரும்ப வரும். வந்தா அப்ப எங்க போவீங்க, யார்கிட்ட சொல்வீங்க? இப்பவே முடிவு பண்ணிடலாம்" என்றாள். உலகநாதன் வெகுநேரம் யோசித்தான். ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போவேன் என்றான். சரோஜாவிடம் சொல்வேன். அவள் வேலையில் இருந்தால் என்று டாக்டர் கேட்டாள். கதவோரம் நின்ற தாமோதரனைப் பார்த்தான். "இவங்கிட்ட."

அவன் தனியாகப் போகக்கூடாதென்று கழனிக் கொட்டகைச் சாவி அன்றே சரோஜாவின் கைக்குப் போனது. மாத்திரையையும் வேளாவேளைக்கு அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். முதல் சில வாரம் நாக்கு வறண்டதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வெயில் ஏறியிருந்தது. அவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறான்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அந்த நினைப்பு மறுபடி வந்தது. உலகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். விறுவிறுவென்று திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். சரோஜா போனை எடுக்கவில்லை. அடுத்த நம்பரை அழுத்தினான்.

"சகல... வந்துட்டுது."

"எங்க கீற?"

"பஸ் ஸ்டாண்டு, டீக்கட."

"அங்கியே ஒரு டீ சொல்லிட்டு உக்காரு. போன வெக்காத. நான் படூர்ல ஃபிரிட்ஜ் ஏத்திகினு கீறேன், மூணாவது மாடி, லிஃப்ட் அவுட்டு. ஸ்பீக்கர்ல போட்டு ஜோபில வெக்கிறேன், நீ பேசு. பேச வரலன்னா சும்மா கேட்டுகினு இரு."

உலகநாதனுக்குப் பேச வரவில்லை. கேட்டான். மூச்சு வாங்குகிற சத்தம், சுவரில் உரசுகிற சத்தம், ரோஹித் என்ற கூலியாளைத் தாமோதரன் திட்டுகிற திட்டு, பெயின்ட் போச்சே என்று வீட்டுக்காரம்மா கத்துகிற கத்து. திருப்பத்தில் ஃபிரிட்ஜ் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"செம பேஜாராப் போச்சு சகல!"

டீ ஆறிக்கொண்டிருந்தது. உலகநாதன் அதை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"கைப்பிடிச் சொவத்துக்கு மேல தூக்கித் திருப்புடா" என்றான். "கீழயே வெச்சுத் திருப்புனா எங்கேர்ந்து திரும்பும்?"

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? மனு குடுக்கணுமா உனுக்கு?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நினைப்பு முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இருந்த நெருக்குதல் இப்போது இல்லை. இன்னொரு போன் நடுவில் வந்தது. சரோஜா.

"மிஸ்டு கால் பாத்தேன். எங்க கீறீங்க?"

சொன்னான். ஒளிக்காமல் சொன்னான்.

"அங்கியே இருங்க. பர்மிஷன் கேட்டுகினு வர்றேன். ரெண்டு பேருமா வூட்டுக்குப் போலாம்."

உலகநாதன் அவளுக்கும் ஒரு டீ சொல்லி, அவள் வந்தபிறகு போடுங்கள் என்றான்.