சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முட்டை

மறுநாள் காலையில் எனக்கு டிரைவிங் டெஸ்ட். முந்தின நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வண்டியைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

டெஸ்டுக்குக் கொடுக்க போட்டோ எடுத்துக்கொண்டு அப்போதுதான் ஸ்டூடியோவிலிருந்து திரும்பியிருந்தேன். முட்டைக் கொட்டகை வாசலில் பழைய பிக்கப் நின்றது. டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. சீட்டின் முதுகுக்கு மேலே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இடது முழங்காலில் பட்டை சுற்றியிருந்ததால் யாருடைய கால்கள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தலை பெடல்களுக்குக் கீழே, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கிடந்தது. வெளியே என் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மெக்கானிக். மீசை நரைத்துவிட்டது, ஆனாலும் என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல இன்னும் வரவில்லை.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

டார்ச்சைக் கடித்துக்கொண்டே அவர் ஏதோ சொன்னார். தம்பிதான் விளக்கினான்.

"கிளட்ச் பெடலைச் சரி பண்றோம்க்கா."

"இன்னிக்கா?"

"டெஸ்ட் முடியட்டும் மாமான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவர் கேட்டாத்தானே."

எங்களுக்கு முட்டை வியாபாரம். பண்ணைகளில் எடுத்துக் கடை கடையாகப் போடுவோம். அவர் ஓட்டுவார். நான் அட்டைகளை அடுக்குவேன், கடைக்காரர்களோடு சண்டை போடுவேன். இந்த வண்டியை நான் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவது. எனக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்தவள் அல்லவா, அவளுக்கு அங்கே தனிச் செல்லம்.

இப்போது அவருடைய இடது முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்தார். இவர் தள்ளிப்போட்டார். மறுபடி தேதி கொடுத்தார். மறுபடி தள்ளிப்போட்டார். "நான் படுத்துட்டா வண்டிய யாரு ஓட்டுவா?" என்பதுதான் ஒரே பாட்டு. நடுவில் ஒரு டிரைவரைப் போட்டுப் பார்த்தோம். அவன் முதல் வளைவைத் திரும்பிய வேகத்தில் கடைகளுக்கு ஆம்லெட்டாகவே கொடுத்திருக்கலாம். சரி, நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். "நீ லைசென்ஸ் வாங்கு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். நான் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றேன், இரண்டும் ஏற்றத்தில். இந்தத் தடவையும் கோட்டை விட்டேன் என்றால் இவர் அந்தக் காலை இழுத்துக்கொண்டே இன்னொரு வருஷம் ஓட்டுவார். எனக்குப் பயமே அதுதான். லைசென்ஸை வைத்து நான் என்ன ஊர் சுற்றவா போகிறேன்.

சக்களத்தியின் கிளட்ச் பெடல் பல வருஷமாக இடது பக்கம் சாய்ந்து தொங்கும். மிதித்தால் கிறீச் என்று கத்தும். பாதி தூரம் சும்மா போகும், தரையைத் தொடப் போகிற நேரத்தில்தான் வேலை செய்யும். பாதத்தின் வெளி ஓரத்தால், காலைக் கொஞ்சம் திருகித்தான் அதை மிதிக்க முடியும். நானும் அப்படித்தான் பழகினேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது அவருடைய இடது காலும் வெறும் தரையை அதே திருகலோடு மிதித்துக்கொண்டிருக்கும். "அவ சுபாவம் அது. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்பார். என்னிடம் ஒரு நாளாவது அப்படி அனுசரித்துப் போயிருப்பாரா?

தம்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பெடல் தொங்குகிற கம்பியின் இரண்டு பக்கமும் இருக்கும் புஷ்கள், மோதிரம் மாதிரி சின்ன வளையங்கள். ஒன்று உடைந்தே போயிருந்தது. இன்னொன்று ஒரு பக்கம் கனமாக இருந்தது, மறு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. கழற்றிய பெடலையும் தூக்கிக் காட்டினான்.

"இந்த ஓட்டை வட்டமா இருக்கணும்க்கா. தேஞ்சு தேஞ்சு முட்டை மாதிரி ஆயிருச்சு."

"இந்த வீட்டுல எதுதான் முட்டை ஆகல."

"சிரிக்காத. டாக்டர் மாமாகிட்ட கேட்டாராம், தினமும் காலைத் திருகிக்கிட்டு அப்படி என்ன வேலை பாக்குறீங்கன்னு. அவர் உன்கிட்ட சொல்லலியா?"

உள்ளேயிருந்து டார்ச் விழுகிற சத்தம் கேட்டது. "மாப்ள, வந்த வேலையைப் பாரு" என்றார் அவர்.

தம்பி ஓட்டையை அடைத்து வெல்டிங் வைத்துத் திரும்பத் துளைக்க, பெடலோடு தன் பட்டறைக்குப் போனான். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் காலடியில் கிடந்தன. இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. ஒவ்வொரு ஜோடியும் அப்படித்தான் தேயும். ஒழுங்காக நடக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொரு ஜோடிக்கும் திட்டியிருக்கிறேன்.

அவர் மெல்லப் புரண்டு, காலை இரண்டு கைகளாலும் பிடித்து இறக்கி வைத்து, வெளியே வந்தார்.

"இத்தனை வருஷம் உங்க காலுக்காக இதைச் செய்யத் தோணலியா?" என்றேன்.

"ஓடிக்கிட்டு இருந்துச்சே, விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"இனிமே நீதானே மிதிக்கப் போறே. உன் முட்டியும் போகணுமா?" கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதோட, நீ ரெண்டு தடவ தோத்தது உன் தப்பு இல்ல. இவ தப்பு."

சக்களத்தி மேல் அவர் குறை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதியைக் கையில் வைத்துக்கொண்டேன், இவரோடு வாழ அது எப்போதும் தேவைப்படும்.

சீக்கிரமே தேவைப்பட்டது. சாயங்காலம் பெடலை மாட்டி, புதுப் பின் கோர்த்து, கிரீஸ் தடவி, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினார்கள். பெடல் நிமிர்ந்து நின்றது. மிதித்தால் சத்தமே இல்லை. கொட்டகைக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் சரிவில் தம்பியை விட்டு வண்டியை நிறுத்தவைத்து, "ஓட்டு, எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

என் கால் பழைய இடத்துக்குப் போய் பெடலின் ஓரத்தில் வழுக்கியது. காலை மாற்றி வைத்து மிதித்தேன். பழைய வழக்கப்படி தரையிலிருந்து கொஞ்சம் எடுத்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். வண்டி முன்னால் போக வேண்டியது பின்னால் போனது. பதறிப்போய் காலை எடுத்தேன், எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பவும் அதே கதை. அதற்கடுத்தும் அதேதான். கிளட்ச் பிடிக்கிற இடமே மேலே ஏறிவிட்டது. மாசக்கணக்காக என் கால் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரே மத்தியானத்தில் வீணாகிவிட்டது.

"பழசையே மாட்டுங்க" என்றேன்.

"பழசு உடைஞ்சு போச்சுக்கா, ஓட்டையையும் அடைச்சாச்சு" என்றான் தம்பி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

நான் இறங்கிப் போய்க் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தேன். "நாளைக்கு நான் போகல. நீங்களே காலை இழுத்துக்கிட்டு ஓட்டுங்க. நல்லா இருங்க."

"நகரு, நான் காட்டுறேன்" என்று அவர் ஏறினார். கிளட்சை மிதித்தார், கியரைப் போட்டார், ஹேண்ட் பிரேக்கை எடுத்தார். சக்களத்தி பின்னால் உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, அணைந்தாள். இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன் எஞ்சினை அணைத்து நான் பார்த்ததே கிடையாது. இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு தடவை அணைந்தது. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆமா, புதுசாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை.

அவர் கொட்டகைக்குள் போய், விற்க முடியாத விரிசல் முட்டைகள் ஒரு அட்டை எடுத்து வந்தார். ஒரு முட்டையைப் பின்சக்கரத்துக்குப் பின்னால், விரலளவு தள்ளி வைத்தார்.

"பெடல் எந்த இடத்துல பிடிக்குதுன்னு காலால தேடாத. மெதுவா விட்டுக்கிட்டே வா. எஞ்சின் சத்தம் கொஞ்சம் அடங்கும், வண்டி மூக்கைத் தூக்கும். அப்ப எடு பிரேக்கை. முட்டை உடையக்கூடாது."

முதல் முட்டை உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. எங்கிருந்தோ ஒரு பூனை வந்து சரிவின் அடியில் உட்கார்ந்துகொண்டது. நடுவில் அவரும் ஒரு தடவை ஏறி ஒரு முட்டையை உடைத்தார், உடனே நான் இறக்கிவிட்டேன், முழங்கால் தாங்காது. அட்டை பாதி காலியான பிறகு ஒரு தடவை சத்தம் அடங்கியது எனக்குக் கேட்டது. சீட்டுக்கு அடியில் வண்டி லேசாக எழுந்தது. பிரேக்கை எடுத்தேன். வண்டி முன்னால் போனது. இறங்கி வந்து பார்த்தால் முட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் வைத்த முட்டைகளும் உடையவில்லை. பூனை எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலையில் டெஸ்ட் எடுத்த அதிகாரி அம்மா சிரிக்காத ரகம். ஏற்றத்தின் நடுவில், "இங்க நிறுத்துங்க. இப்ப எடுங்க" என்றார். கண்ணாடியில் கீழே வேலி ஓரமாக என் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது. ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தார். நேற்று உடையாத முட்டையில் ஒன்று அதில்தான் இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. காலைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். சத்தம் அடங்கியது. வண்டி மூக்கைத் தூக்கியது. பிரேக்கை எடுத்தேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

"பாஸ்" என்றார் அந்த அம்மா. "சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி போட்டுக்குங்க."

அவர் நொண்டிக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பக்கம் போங்க" என்றேன். "போய் உக்காந்து போன் பண்ணுங்க."

சுற்றிப் போய் ஏறினார். முட்டையைப் பத்திரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நான் ரோட்டில் ஏறினேன். "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குடுங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டதும் எனக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினேன். அவருடைய இடது காலும் கூடவே வெறும் தரையை மிதித்தது, வெளிப்பக்கமாகத் திருகி, பழைய பெடல் தொங்கிய இடத்தில்.

"ஆமாங்க, இடது கால்தான்" என்றார் போனில்.

சிக்னலில் நின்றபோது அவர் தொடையில் தட்டினேன். "நேரா வைங்க. அது இப்ப நேராத்தான் இருக்கு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மெல்ல நிமிர்த்தி வைத்தார். பச்சை விழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம்.