இராக்கி என்று சொல்ல ஒருத்தி

பரீகான் தான் பிறந்த வீட்டின் முற்றத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஊற்றிக் கொடுத்தவள் ஸாஜிதா. சிறு வயதில் எதிர்வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது இந்த வீட்டுக்காரி. முற்றத்து நாரத்தை மரம் இன்னும் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துத்தான் வந்தாள். அது நடக்கிற காரியமா?

ஈரானோடு போர் மூளுவதற்கு முந்தைய வசந்தத்தில் இந்தக் குர்துகள் சந்துக்குப் போலீஸ் லாரி வந்தது. நீங்கள் இராக்கிகள் இல்லை, பாரசீகர்கள் என்று சொல்லிப் பாதிச் சந்துக்காரர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஈரான் எல்லை மலையில் இறக்கிவிட்டது. அண்ணன் நவ்ஸாதை மட்டும் பாக்தாதிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்போது சதாம் போய்விட்டான், அவன் ஆட்கள் கொன்று புதைத்தவர்களைத் தேடிப் பாலைவனத்தில் குழி குழியாகத் தோண்டுகிறார்கள். அண்ணனின் எலும்பையாவது கேட்கலாம் என்று போனால், நீ இந்த நாட்டுக்காரியா என்று முதலில் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லப் பழைய சந்திலிருந்து ஒரு சாட்சி வேண்டும். மற்றவர்கள் செத்தும் சிதறியும் போயிருந்தார்கள். மிச்சம் ஸாஜிதா ஒருத்திதான்.

"நான் வந்து சொன்னா நீ இராக்கி ஆயிடுவ," என்றாள் ஸாஜிதா, குவளையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. "ஆனதும் வீட்டக் கேப்ப. கோர்ட்டும் குடுக்கும். சர்க்காரு பறிச்சு ஏலம் விட்டதத்தான் எம் புருஷன் எடுத்தாரு, திருடல. அவரும் போய்ட்டாரு. மருமகளையும் பேரப்புள்ளைங்களையும் கூட்டிட்டு நான் எங்க போவேன்?"

"தெரியலடி."

"வீடு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே அபாயாவ மாட்டிக்கிட்டு வரேன்."

சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைச் சொல்லத்தான் மனதைத் தயார் செய்திருந்தாள். ஆனால் பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அது ஈரானில், இலாம் ஊரில் அகதியாகக் கிடந்த வருஷங்களிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"மனசு வரல ஸாஜிதா," என்றாள். "நாளைக்குக் காலைல குடியுரிமை அலுவலக வாசல்ல நிப்பேன். வந்தா வா."

மறுநாள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஸாஜிதா நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இரவு தூங்கியவள் மாதிரி இல்லை. இருவரும் வரிசையில் போய் நின்றார்கள்.

அதிகாரி தடித்த மனிதர். நாள் முழுக்க இதே கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். பொழுது போக அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் கேட்பார் என்று வரிசையில் நின்றவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள்.

"இராக்னா என்னம்மா அர்த்தம்? அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?"

பரீகானுக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருக்கிறாள். ஆழமாகப் போன வேர் என்பார்கள், ஆற்றங்கரை என்பார்கள், ஊருக் என்ற பழம் பட்டணத்தின் பெயர் திரிந்து வந்தது என்பார்கள். மூன்றில் எது சரி என்று யாருக்கும் நிச்சயமில்லை. அன்று அதைச் சரியாக ஒப்பித்ததற்கு அவளுக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது. பாதியைக் கடித்து ஸாஜிதாவிடம் கொடுத்தாள். அதை இப்போது ஒப்பித்தால் அதிகாரிக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அவளுக்குத் திடீரென்று எல்லாம் அலுத்துவிட்டது.

"எங்கேருந்து வந்துச்சோ எனக்குத் தெரியாதுய்யா. எனக்கு வந்தது இலாம்லேருந்து. இங்க இருந்த வரைக்கும் எங்கள யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. அஜமி, பாரசீகக்காரின்னுதான் கூப்பிட்டாங்க. அங்க போனதும் தெருப் பசங்க கல்ல எறிஞ்சு, 'ஏய் இராக்கி'ன்னாங்க. ரொட்டிக் கடையில 'இராக்கி, கடைசியா நில்லு'ன்னாங்க. என் அம்மாவப் பொதைக்க எடம் கேட்டப்பவும் அதேதான். அர்த்தம்னா எனக்கு அதான்யா அர்த்தம்."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பரீகானை விட்டுவிட்டு ஸாஜிதாவின் பக்கம் திரும்பினார்.

"கிதாப் மேல கை வைங்க. இந்தம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸாஜிதா குர்ஆன் மேல் கையை வைத்தாள். எதிர்வீடு என்று சொல்லலாம், பள்ளித் தோழி என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான், இரண்டுமே போதும். பரீகான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்னா... அவ வீட்லதான்யா நான் குடியிருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அதே நேரம் மின்சாரம் போயிற்று. விசிறி முனகிக்கொண்டே நின்றது. ஜெனரேட்டர் போடுங்கப்பா என்று யாரோ தாழ்வாரத்தில் கத்தினார்கள். யாரும் போடவில்லை. அறையில் புழுக்கம் ஏறியது.

ஸாஜிதா நாற்காலியில் உட்கார்ந்து, மேசையோரம் கிடந்த ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொள்ளத் தொடங்கினாள். காற்று இருவர் மேலும் பட்டது. அவள் மடியில் வீட்டுச் சாவிக் கொத்து கிடந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அது மெல்லக் கிணுகிணுத்தது.