கூப்பிட்டும் வராத பிள்ளை

மகளுக்குக் காது கேட்காது என்று சான்றிதழ் வாங்க, அம்மா மூன்றாவது முறையாக அந்த அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அது இன்று கிடைத்தால்தான் சிறப்புப் பள்ளியில் இடம். இன்னொரு நகல் வேண்டும் என்று குமாஸ்தா விரட்டவே, ஆறு வயது மகளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தால், பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது.

“மூணு தடவை பேர் சொல்லிக் கத்தினேன்மா. பிள்ளை அசையவே இல்லை. அடுத்த மாசம் வாங்க.”

“ஐயா, காது கேக்காதுன்னுதானே வந்திருக்கோம்!”

“அதுக்கு நான் என்ன பண்றது? கூப்பிட்டா எழுந்து நிக்கணும், அதான் விதி.”

அம்மாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். “சார், இன்னொரு தடவை கூப்பிடுங்க. புண்ணியமாப் போகும்.”

குமாஸ்தா முனகிக்கொண்டே கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சிறுமியின் தோளைத் தொட்டாள். சிறுமி எழுந்து நின்று சிரித்தாள்.

‘வரவில்லை’யை அடித்துவிட்டு, குமாஸ்தா கோப்பை மருத்துவரின் அறைக்கு அனுப்பினார். “இனிமே கூப்பிட்டா உடனே வரணும்னு சொல்லி வைங்கம்மா.”

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைய பிரார்த்தனையில், பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் இடம்.