கனம் கீழே

சோபாவின் ஒரு முனையை மருமகனும் மறுமுனையை டிராயிங் மாஸ்டரும் தூக்கி வராந்தாவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாம். மாஸ்டரின் மனைவியின் உடலைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும்.

"அந்தப் படத்தையும் கழட்டிடலாம்" என்றார் மாஸ்டர் மூச்சு வாங்க, சுவரில் இருந்த, மனைவி வரைந்த ஓவியத்தைக் காட்டி.

மகள் விடவில்லை. "அம்மா பேர் வாங்கினதே அதாலதாம்பா. தலைமாட்டுல இருக்கட்டும்."

வற்புறுத்தினால், செத்தவளோடு போட்டிக்கு நிற்கிறான் கிழவன் என்று நாலு பேர் சிரிப்பார்கள். உள்ளுக்குள் போட்டிக்கு நின்றுகொண்டுதான் இருந்தார்.

முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்தவர். கண் என்பது பழக்கினால் பழகுவது, ரசனை சொல்லிக்கொடுத்தால் வருவது என்பது அவர் கட்சி. கனமான நிறம் கீழே, லேசானது மேலே என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவர். அவருடைய படம் ஒன்றைக்கூட யாரும் வீட்டில் மாட்டியதில்லை. மனைவியோ தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவள். நாற்பத்தெட்டு வயதில் அவருடைய மிச்சப் பெயிண்டை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்தவளின் படங்கள் இன்று மூன்று காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன.

மத்தியானம் காட்சிக்கூடத்து அம்மாள் ஒருத்தி மலர்வளையத்துடன் வந்தாள். தலைமாட்டுப் படத்தைக் காட்டி, மேலே அவ்வளவு பழுப்பு இருந்தும் விழாமல் நிற்கிறது பாருங்கள் என்று தணிந்த குரலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருப்பார் என்றார் மாஸ்டரின் மச்சான், நல்ல எண்ணத்தில்தான்.

"இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுங்க. கூடவே பிறக்கணும்" என்றாள் அந்த அம்மாள்.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. அவள் போய் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

கூடவே பிறந்ததாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் அந்தப் படத்தை முடித்தபோது பழுப்பு கீழேதான் இருந்தது, வெளிர் மஞ்சள் மேலே. அத்தனை அழகு. அவரால் ஆயுசுக்கும் அப்படி ஒன்று வரைய முடியாது. மாட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அவர் வேண்டுமென்றே தலைகீழாக மாட்டினார். வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும். சாயங்காலம் திரும்பி வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்படித்தாங்க நல்லா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரைந்ததில் எல்லாம் கனம் மேலே ஏறிவிட்டது. பேர் வந்ததும் அதனால்தான்.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி இதோ கிடக்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் பிறவிக் கண் என்று அவள் பேரோடு எழுதி முடித்துவிடுவார்கள். சொன்னால், ஏன்யா தலைகீழாக மாட்டினாய் என்று கேட்பார்கள்.

அவளைக் கொண்டுபோகும் வண்டி சந்துக்குள் நுழைய முடியவில்லை என்று, பைக்குகளை நகர்த்த எல்லோரும் வெளியே போனார்கள். மாஸ்டர் நாற்காலி போட்டு ஏறினார். படத்தை இறக்கித் திருப்பி, அவள் வரைந்தபடியே ஒற்றை ஆணியில் மாட்டினார். கீழே இறங்கி, பையன்களின் நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நன்றாகவே இல்லை. கீழே சேறு, மேலே வானம், அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இதே படம்தான், இதே நிலையில்தான், அன்று அவரைப் பொறாமையில் வேக வைத்தது. தினமும் பேப்பரிலிருந்து நிமிரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து, பதினோரு வருஷத்தில் அவர் கண்ணையும் அவள் திருப்பி மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

உள்ளே வந்த மகள் நின்றுவிட்டாள். "யாருப்பா இதைத் தலைகீழா மாட்டினது?"

"நான்தான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பரவாயில்லப்பா என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு நாற்காலியில் ஏறிப் படத்தைத் திருப்பினாள்.

மாஸ்டர் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இடது பக்கம் சரிஞ்சிருக்கு" என்றார். "கொஞ்சம் தூக்கு."