கட்டப்படாத மூன்றாவது மாடி

தையல்காரி குடியிருந்த மூன்றாவது மாடி கட்டப்படவே இல்லை. மொட்டைமாடியிலிருந்து ஓர் இரும்பு ஏணி மேலே போகும். அது முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பக்கம் காலெடுத்து வைத்தால் வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, தையல் மெஷின், தொட்டில் எல்லாம் அந்தரத்தில் நின்றன. சுவர் கண்ணுக்குத் தெரியாது, இடித்துக்கொண்டால் வலிக்கும். மழை உள்ளே வராது. மின்விசிறி ஆடுகிறது என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, அவரும் பார்க்கலாம் என்று சொல்லியாகிவிட்டது.

நகரத்தின் எந்த மூலையில் நின்றாலும் மணிக்கூண்டு தெரிய வேண்டும், அதனால் இரண்டு மாடிக்கு மேல் எவரும் எழுப்பக் கூடாது என்று நகரசபை எந்தக் காலத்திலோ சட்டம் போட்டிருந்தது. அந்தக் கடிகாரம் நின்று வருஷக்கணக்காகிறது, அது வேறு விஷயம். இதற்கிடையே ஆலைகள் திறந்தன, ஆஸ்பத்திரி பெரிதானது, வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதலில் ஹால்களை இரண்டாகத் தடுத்தார்கள், பிறகு கார் நிறுத்துமிடத்தில் குடும்பங்கள் குடியேறின, பிறகு மாடிப்படிக்கு அடியில். வாடகை மட்டும் எந்த உயரக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் ஏறியது. இன்னொரு மாடிக்கு அனுமதி கொடுங்கள் என்று யாராவது கேட்டால், ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்கள் திரண்டு வந்து, வெளிச்சம் போச்சு, காற்று போச்சு என்று கத்திக் கூட்டத்தையே கலைத்துவிடுவார்கள். கடைசியில் போக்கிடமில்லாத ஒரு குடும்பம் மொட்டைமாடியிலிருந்து மேலே ஏறியது. விழவில்லை. அடுத்த மாதமே அதற்கும் ஒரு வாடகை வந்துவிட்டது.

அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். தரை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், அது காதில் விழுந்தவர்கள் எல்லோரும் கீழே போவார்கள். அடுத்த தெருவில் ஒரு கல்லூரிப் பையன் பிறந்தநாள் விருந்தில் விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தான்; கேக்கோடு சேர்த்து எல்லோரும் போனார்கள், காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவன் மட்டும் மிஞ்சினான். தையல்காரியின் கணவன் பஸ் டிரைவர், அதிகம் பேசாதவன். அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மேலேயே பிறந்து மேலேயே தவழ்ந்த மகள் இப்போது பேச ஆரம்பித்திருந்தாள். குனிந்து, கீழே தெரிகிற தண்ணீர்த் தொட்டியையும் கொடியில் காயும் துணியையும் பார்த்து விரலை நீட்டுவாள். வாயைத் திறப்பாள். தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிடுவாள். ஓடிவந்து அந்த வாயில் பிஸ்கட்டைத் திணிப்பாள். பாயை விரித்து மறைத்துப் பார்த்தாள், மகள் பாயைச் சுருட்டிவிட்டுப் பார்த்தாள்.

"குழந்தை எதையாவது உளறிட்டுப் போகுது. நீ ஏன் இப்படிப் பயந்து சாகுற?" என்றான் கணவன்.

"உளறினா பரவாயில்லைங்க. உண்மையைச் சொல்லிட்டா?"

இப்படியிருக்கையில் எதிர்வீட்டுக்காரர், தான் மணிக்கூண்டைப் பார்க்கும்போது நடுவே ஒரு தொட்டில் ஆடுகிறது என்று புகார் கொடுத்தார். நகரசபையிலிருந்து அளவெடுக்கும் அதிகாரி வந்தார். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: எதை அளந்தாலும், அளந்த இடத்திலேயே நின்று, கண்டதை ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர் ஏணியடியில் நின்றுகொண்டார். தையல்காரி மேலிருந்து அவருடைய வழுக்கையைப் பார்த்தாள். மாடி இருக்கிறது என்று சொன்னால் இடிக்க ஆள் வரும். இல்லை என்று சொன்னால் அவ்வளவுதான். அவர் டேப்பைச் சுருட்டினார், தொண்டையைச் செருமினார். அவள் மகளைத் தொட்டிலில் கிடத்தி, குழந்தையின் காதுகள் இரண்டையும் இறுகப் பொத்தினாள். தன் காதைப் பொத்தக் கை இல்லை. நான் போனால் போகிறேன், இவள் இங்கேயே கிடக்கட்டும், இவளுடைய அப்பா சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார் என்று நினைத்தாள்.

அதிகாரி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதுக்கும் மேல இடம் கிடைக்குமா?" என்றார். "கல்யாணமாகியும் மாமனார் வீட்டு ஹால்லதான் படுத்திருக்கோம். மானம் போகுது."

ஊருக்குக் கேட்கும்படி எதையும் சொல்லாமல், தொட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனவர், அந்த மாதமே மனைவியோடு நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு தையல்காரி அண்ணாந்தால் அதிகாரியின் உள்ளங்கால் தெரிந்தது, குனிந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பயம் இரண்டு பக்கமும் ஆனது. ஆபீஸ் வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள் சார் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினாள். ஐந்தாவது மாடிக்கும் ஆள் வந்தார்கள்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. வெளியே போனால், யாராவது எதையாவது சொல்லிக் கொடுத்துவிடுவார்களோ என்று அதுவரை கீழே எங்கேயும் அவளை இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லை. அன்றைக்குப் புதுப் பை கனத்தது. கட்டட வாசலில், தெருவிலேயே இறக்கிவிட்டாள். மகள் குனிந்து தார்ச்சாலையைப் பார்த்தாள். முகம் வெளிறி, வீல் என்று அலறி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, கீழ ஒண்ணுமே தெரியல! இங்க தரையே இல்லம்மா!"

தையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, விழுவதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மகளை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தாள்.