மூன்று பருத்திச் செடிகள்

டிரெஸ்ஸிங் அறையில் பத்தொன்பது வருடமாகப் பஞ்சும் கையுமாக இருந்த நர்சுக்குப் பருத்திச் செடி எப்படியிருக்கும் என்று தெரியாது. கை நசுங்கி ஒரு மாதம் கட்டுப் போட வந்த மில் தொழிலாளி, கடைசி நாளன்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"பருத்தி விதை சிஸ்டர். சும்மா போட்டுப் பாருங்க."

பிரித்தாள். சாம்பல் நிறத்தில் பூனை முடி போல் பஞ்சு ஒட்டிய ஒன்பது கொட்டைகள்.

வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி மண் இருந்தது. மழை விட்ட கையோடு ஐந்து விதைகளை ஊன்றினாள். இரண்டு வாரம் கழித்துக் கிளறினால், ஐந்தும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன.

"தக்காளி போட்டிருந்தா இந்நேரம் தளதளன்னு நின்னிருக்கும்" என்றார் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

அவள் வெயில் உறைக்கும்வரை பொறுத்திருந்தாள். மிச்சமிருந்த நாலையும் ஈர மண்ணில் உருட்டித் தேய்த்து, பஞ்சை வழித்து, ஒரு பகல் முழுக்க நீரில் ஊறவைத்து, விரல் கணு ஆழத்தில் புதைத்தாள். ஆறாம் நாள் மூன்று முளைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்தன. நாலாவது வரவேயில்லை.

இடுப்பளவு வளர்ந்தபின் முதல் பூ வெளுப்பாக விரிந்தது. மறுநாள் அதே பூ ரோஸ் நிறத்தில் இருந்தது.

"என்னடி இது, நேத்து வெள்ளையா இருந்துச்சே! சாயம் கீயம் பூசினியா?"

"எனக்கு வேற வேலையில்ல பாருங்க."

அதிலிருந்து அவர் காலையில் காபி டம்ளரோடு அங்கேதான் நின்றார். கேட்டால், "சும்மா காத்தாட" என்பார்.

பூக்கள் உதிர்ந்து காய் பிடித்த சமயம், ஓரத்துச் செடியின் இலைகள் விரல் விரலாகச் சூம்பிச் சுருண்டன. "வெயில் தாங்கல போல" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் ஓர் இலையைப் பறித்து விதைக் கடையில் காட்டினாள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "களைக்கொல்லி பட்டிருக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், மதிலோரம் கிடந்த மருந்து ஸ்ப்ரேயரைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். "ஸ்ப்ரேயர்ல என்ன இருந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "சோப்புத் தண்ணிதான். அந்த ஓரத்துச் செடியில பூச்சி மொய்ச்சுது, அடிச்சா போயிடும்னு நெனச்சேன். மதிலோரப் புல்லுக்கு மருந்தடிச்சதும் அதே ஸ்ப்ரேயர்தான். கழுவல. மறந்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

செடி போனதைவிட, வெயில்மேல் பழி போட்டதுதான் அவளுக்கு ஆறவில்லை. இரண்டு நாள் தட்டு வைப்பாள், பேச மாட்டாள். மூன்றாம் நாள் அவர் பட்டுப்போன செடியை வேரோடு பிடுங்கிப் போட்டார். பழைய ஸ்ப்ரேயரில் பெயிண்டால் 'களை' என்று பெரிதாக எழுதினார். மற்ற இரண்டு செடிகளில் தினமும் இலையைத் திருப்பித் திருப்பிக் கையாலேயே பூச்சி பொறுக்கினார். நான்காம் நாள் அவளும் பக்கத்தில் போய்க் குந்தினாள். "அடியிலயும் பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

பதினாறு காய்கள் வெடித்தன. விதையைப் பிரிப்பதற்குள் இருவருக்கும் நகக்கண் வலித்தது. ஒரு கைப்பிடிப் பஞ்சு தேறியது. அவள் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். ஊறவில்லை, முத்துப்போல் உருண்டு ஓடியது. ஆஸ்பத்திரிப் பஞ்சில் தண்ணீர் இப்படி உருண்டதே இல்லை. எண்ணெய்ப் பசையைப் போக்கினால்தான் பச்சைப் பஞ்சு நீரைக் குடிக்கும் என்பதை அவள் அன்றைக்கு விதைக் கடையில் கேட்டுத்தான் அறிந்தாள். அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

பிரிக்காமல் வைத்திருந்த ஒரு காயை மட்டும் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்த வாரம் அவருடன் வேலை பார்ப்பவரின் மனைவி கட்டு மாற்ற வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பருத்தி வளக்குறாராமே! எல்லா லிஃப்ட்லயும் காட்டிக்கிட்டுத் திரியுறாராம்."

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துப் பழைய கட்டை வெட்டினாள்.

"ஆமா, தினம் அவர்தான் பூச்சி பொறுக்குவாரு" என்றாள். "கைய ஆட்டாதீங்க."