சுங்கான் முட்டையிட்ட காலை

ஹிதாயாவுக்கு அந்த மீனைக் கண்ணில் காட்டக்கூடாது. அவளுடைய கணவன் அசனார் காத்தான்குடியில் தகரக்கடை வைத்திருந்தான். மட்டக்களப்பில் ஒரு துரையின் பங்களாவுக்கு மழைநீர் வடியும் கூரைப்பீலி மாற்றப் போனவன், அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றோடு அவனுக்குப் பித்துப் பிடித்தது. உடைந்த கடை அலுமாரியின் கண்ணாடிகளைத் தகரச் சட்டத்தில் பொருத்தி, தண்ணீர் ஒழுகாமல் கீல் பூசி, வீட்டு முன்கூடத்தில் ஒரு தொட்டி செய்து வைத்தான். அதற்குள் கரடியனாற்று வாய்க்காலில் பிடித்த ஒரு சோடிச் சுங்கானை விட்டான். கெளுத்திச் சாதி, கறுத்த உடம்பு, நீண்ட மீசை, செட்டையில் விஷமுள்.

தொட்டி கழுவப் போய் ஒருநாள் அந்த முள் ஹிதாயாவின் கையில் ஏறியது. தோள்வரை நெருப்பாய் எரிந்தது. மீனைக் குளத்தில் கொண்டுபோய் விடும்படி சண்டை பிடித்தாள்.  மறுநாள் அசனார் தொட்டிக்குக் கம்பிவலை மூடி ஒன்று அடித்துக்கொண்டு வந்தான். இனிக் கழுவுவது தன் வேலை என்றான். அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரே ஆசை, தொட்டிக்குள் அது குஞ்சு பொரிக்க வேண்டும். இரண்டு மாரி வந்து போயின, மீன் அசையவில்லை. மூன்றாம் வருஷம் கோடை முழுவதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் வற்றவிட்டான். வயல் குளம் வற்றுகிறதென்று மீன் நம்ப வேண்டுமாம். ஐப்பசியில் முதல் மழை கொட்டியபோது பீலியில் வாளி வைத்துப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஊற்றினான். ஹிதாயா சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலை கூடத்தைக் கூட்ட வந்தவள் விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள். மணலில் பறித்த குழிக்குள் பச்சைப் பாசிமணிபோல முட்டைகள். இரண்டு மீனும் அவற்றுக்கு மேலே நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. அவளுடைய நிழல் கண்ணாடியில் விழுந்ததும் ஒன்று அவளை நோக்கிப் பாய்ந்து முட்டியது. முட்டிவிட்டுத் திரும்பிப்போய் அதே இடத்தில் நின்றது. தன் கையைக் கொட்டிய மீன் இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கோபம் வரவில்லை. அசனாரை எழுப்பினாள். அவன் பாயிலிருந்து வந்து தரையில் குந்தியவன், அவள் ஊற்றி வைத்த சாயத் தேத்தண்ணி ஆறும்வரை எழும்பவில்லை.

அந்த மழைக்குள்தான் அவளுடைய அண்ணன், மூத்த காக்கா மீராசாஹிப் வண்டிகளோடு வந்து நின்றார். துணிவியாபாரி. மாரிதோறும் அவருடைய கடைக் கூரை ஒழுகும்; மாரிதோறும் துணிக்கட்டுகளை ஹிதாயாவின் கூடத்தில்தான் அடுக்குவார். கேட்பதில்லை, வண்டிதான் வரும். இந்த முறை கட்டுகள் வழக்கத்தைவிடக் கூட. தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்தத் தண்ணிய முத்தத்துல ஊத்திட்டு இடத்த உடு, தங்கச்சி. சாமான் நனையுது."

அசனார் எழுந்து ஒதுங்கி நின்றான். வீடு பெண்ணுக்கென்ற அந்த ஊரில், பெண் வீட்டுக்கு வந்து இருக்கிற மாப்பிள்ளை மச்சினனை எதிர்த்துப் பேசுவதில்லை. அவனுடைய கைகள் மட்டும் தொட்டியின் விளிம்பை விடவில்லை.

"இண்டைக்கு ஏலா காக்கா," என்றாள் ஹிதாயா. "முட்ட இட்டிரிக்கி. அசைச்சாச் செத்துப் போயிரும்."

கட்டுகளைக் குசினிப் பக்கம் அடுக்கலாம், அறையையும் ஒழித்துத் தருகிறேன் என்றும் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டிக்காரர்களைப் பார்த்து, தொட்டியைத் தூக்கச் சொன்னார். பிறகு அசனாரை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்தவன் மீன் வளக்க, ஊட்டுக்காரர் மழைக்குள்ள நிக்கிறதோ?"

ஹிதாயா தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். வண்டிக்காரர்கள் தயங்கினார்கள்.

"ஊட்டுக்காரர் ஆரு காக்கா? நீங்க இரிக்கிறது ஸகியா மதினிட ஊடு. இது உம்மா எனக்குத் தந்த ஊடு. என்ட மாப்பிள்ளைட மீன் இதுக்குள்ளதான் இரிக்கிம்."

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். விலகவில்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் ஓம் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொன்னதில்லை. மீராசாஹிப் சால்வையை உதறித் தோளில் போட்டார். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வண்டிகளைத் திருப்பினார். "மிதிக்கிற அண்டைக்கு மீனையும் வந்து பாருங்க," என்றாள் அவள், முதுகைப் பார்த்து.

துணிக்கட்டுகள் அவருடைய பெண்சாதி ஸகியாவின் வீட்டுக்கே போயின. ஸகியா கூடத்தில் இடமில்லை என்று விறாந்தையில் அடுக்கச் செய்தாள் என்று ஊரில் கதை வந்தது.

அடுத்த நாளே முட்டை வெடித்தது. பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துப்போனது. மிஞ்சியவை நூல்துண்டுகள்போல மணலில் துடித்தன. அசனார் பெரிய மீன்களை வாளிக்கு மாற்றினான். ஹிதாயா அவித்த முட்டைக் கருவைத் துணியில் பிழிந்து குஞ்சுகளுக்குக் கரைத்துவிட்டாள். பல செத்தன. ஒரு கைப்பிடியளவு மீசை முளைத்து நீந்தத் தொடங்கின.

பெருநாளுக்கு மீராசாஹிப் வரவில்லை. ஹிதாயா அவர் வீட்டுக்குப் போனாள், பலகாரத்தோடு, தலை குனியாமல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பலகாரத்தில் ஒன்றை எடுத்துத் தின்றார்.

அடுத்த மாரி கறுக்கும்போது மீராசாஹிப் முகைதீன்பாவா என்ற கடைக்காரனை அனுப்பினார், தங்கச்சியிடம் கூடம் கிடைக்குமா என்று கேட்டு வர. இதுவரை கேட்காதவர் கேட்டு வரச் சொன்னாரே என்று ஹிதாயாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குசினிப் பக்கம் தருகிறேன், கூடம் தர ஏலாது என்று சொல்லி அனுப்பினாள். உள்ளே அசனார் இரண்டாவது தொட்டிக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தான்.